விளைந்தது எவ்வளவு, வீடு வந்தது எவ்வளவு? புரோட்டான்–அணுக்கரு மோதலில் மீசான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலில் விளைந்த நெல்லும் வீட்டுக்கு வந்து சேர்ந்த நெல்லும் ஒரே அளவாக இருந்ததாக எந்த விவசாயியும் சொல்லமாட்டார். எலி தின்றது, சிந்தியது, களத்தில் கூலியாகப் போனது எல்லாம் கழிந்துதான் மூட்டை வீடு சேரும். அணுக்கருவுக்குள் பிறக்கும் மீசான்களின் கதையும் இதுதான். உணர்கருவி எண்ணுவது வெளியே தப்பி வந்தவற்றை மட்டும். உள்ளே எத்தனை பிறந்தன, எத்தனை விழுங்கப்பட்டன என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை. அதைப் பற்றி மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே.

மீசான் என்றால் என்ன?

ஒரு குவார்க்கும் (புரோட்டானையும் நியூட்ரானையும் ஆக்கும் அடிப்படைத் துகள்) ஒரு எதிர்குவார்க்கும் சேர்ந்த துகள். எல்லாவற்றிலும் லேசானது பையான். மின்சுமையுள்ள பையானின் நிறை 139.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி; நிறையையும் ஆற்றலின் அலகிலேயே சொல்வது இத்துறையின் வழக்கம்), சுமையற்றதன் நிறை 135 எம்இவி. புரோட்டானின் 938 எம்இவி நிறையோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு. 1935இல் ஜப்பானின் யுக்காவா, புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கட்டிப்போடும் விசைக்குக் காரணமாக இப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று கணித்தார். 'மீசான்' என்ற பெயர் நிலைத்ததில் ஹோமி பாபாவுக்குப் பங்கு உண்டு. அப்போது புழங்கிய 'மீசோட்ரான்' என்ற பெயரிலுள்ள 'ட்ர்' ஒலிக்கு 'மீசோ' என்ற கிரேக்க வேர்ச்சொல்லில் வேலையே இல்லை என்று 1939இல் அவர் எழுதினார்.

மோதலுக்கு முன்பே மீசான் அணுக்கருவுக்குள் இருந்ததா, மோதலில் புதிதாக உண்டாகிறதா?

புதிதாக உண்டாகிறது. அணுக்கருவுக்குள் பையான்கள் கடன் வாங்கிய ஆற்றலில் கணநேரம் தோன்றி மறைகின்றன. அந்தக் கடனை அடைக்கும் அளவுக்கு மோதல் ஆற்றல் கொடுத்தால் நிஜமான பையான் வெளிப்படும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? பையானின் நிறை 135 எம்இவிதானே, அவ்வளவு போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. நின்றுகொண்டிருக்கும் புரோட்டானை ஓடிவரும் புரோட்டான் மோதும்போது, மோதலுக்குப் பிறகும் மொத்த உந்தம் அப்படியே இருந்தாக வேண்டும். எனவே ஆற்றலில் பாதி, எல்லாத் துகள்களையும் முன்னோக்கி நகர்த்துவதிலேயே செலவாகிவிடும். சுமையற்ற பையானை உண்டாக்க புரோட்டானுக்கு 280 எம்இவி இயக்க ஆற்றல் தேவை. நேர்மின் பையானுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 290 எம்இவி சுற்றுவட்டத்தில்.

அப்படியானால் 280 எம்இவிக்குக் கீழே அணுக்கருவிலிருந்து பையானே வராதா?

வரும். தனிப் புரோட்டானுக்கும் அணுக்கருவுக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான் தலைகாட்டுகிறது. அணுக்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. குறுகலான இடத்தில் அடைபட்டிருப்பதால், அவற்றில் வேகமானவை ஒளியின் வேகத்தில் கால் பங்கை எட்டும். வரும் புரோட்டானை எதிர்கொண்டு ஓடிவரும் நியூக்ளியானோடு மோதல் நடந்தால் குறைந்த ஆற்றலே போதும். இதை ஃபெர்மி இயக்கம் என்பார்கள்.

மனிதர் தயாரித்த முதல் பையான்கள் உண்மையில் இந்தச் சலுகையில் பிறந்தவை. 1948இல் பெர்க்லியின் 184 அங்குல சின்க்ரோசைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் கார்ட்னரும் லாட்டஸும் 380 எம்இவி ஆல்ஃபா துகள்களைக் கார்பன் மீது மோதவிட்டார்கள். ஆல்ஃபாவில் நான்கு நியூக்ளியான்கள் இருப்பதால், ஆளுக்கு 95 எம்இவிதான். தனி நியூக்ளியான் கணக்குப்படி இது வாசற்படிக்குக்கூட எட்டாத ஆற்றல். மோதும் இரு பக்கத்து அணுக்கருக்களிலும் உள்ளோட்டம் இருந்ததால் பையான் பிறந்தது. அணுக்கரு முழுவதும் சேர்ந்து பின்னுதைப்பை வாங்கிக்கொண்டால் வாசற்படி இன்னும் இறங்கும். கார்பன்–12ஐக் கார்பன்–13ஆக மாற்றி நேர்மின் பையானை வெளியேற்ற, 150 எம்இவிக்கும் சற்றுக் குறைவான புரோட்டானே போதும். ஆனால் அப்படி நடப்பது மிக அரிது.

பையான் நேரடியாகப் பிறக்கிறதா, இடையில் ஏதாவது இருக்கிறதா?

சில நூறு எம்இவி முதல் ஓரிரு ஜிஇவி (ஆயிரம் எம்இவி) வரை, பெரும்பாலும் இடையில் டெல்டா இருக்கிறது. மோதலில் ஒரு நியூக்ளியான் கிளர்ச்சியடைந்து 1232 எம்இவி நிறையுள்ள டெல்டாவாகிறது. 10⁻²³ வினாடிக்குள் அது நியூக்ளியானும் பையானுமாக உடைகிறது. 1952இல் சிகாகோவில் ஃபெர்மியின் குழு பையான்களை ஹைட்ரஜன் மீது விட்டபோது, ஆற்றல் ஏற ஏற வினை கிடுகிடுவென்று உயர்ந்ததைப் பார்த்தது. டெல்டா முதலில் முகம் காட்டியது அப்போதுதான்.

பையானைப் பெற்றுக்கொடுக்கும் இதே டெல்டாதான் பையானை விழுங்கவும் வழி செய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில பதில்கள் எல்லாம் அதைச் சுற்றியே வரும்.

பிறந்த பையான் அணுக்கருவுக்குள்ளேயே சிதைந்துவிடாதா?

சிதையாது, நேரம் போதாது. மின்சுமையுள்ள பையானின் சராசரி ஆயுள் 26 நானோவினாடி. அதற்குள் ஒளி 7.8 மீட்டர் போய்விடும். உடனே சிதைவதாக நாம் சொல்லும் சுமையற்ற பையான்கூட 25 நானோமீட்டர் அளவுக்குப் போகும். ஈய அணுக்கருவின் ஆரமோ ஏறத்தாழ 7 ஃபெர்மி. ஒரு ஃபெர்மி என்பது 10⁻¹⁵ மீட்டர். அணுக்கருவைப் பொறுத்தவரை பையானுக்குச் சாகா வரம். அது உள்ளே காணாமல் போனால், யாரோ விழுங்கிவிட்டார்கள் என்றுதான் பொருள்.

எவ்வளவு தூரம் சிக்காமல் போகும்?

இதற்குக் குறுக்குவெட்டுப் பரப்பு என்ற அளவு வேண்டும். ஒரு துகள் மற்றொன்றுக்கு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. அலகு பார்ன், அதாவது ஆங்கிலத்தில் தானியக் கொட்டில். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இயற்பியலர்களின் குறும்பு. அணுக்கருவுக்கு அது கொட்டில் அளவுக்குப் பெரிய இலக்காம்.

பையானின் இயக்க ஆற்றல் 190 எம்இவி அருகில் இருக்கும்போது நேர்மின் பையானும் புரோட்டானும் சந்திக்கும் பரப்பு 200 மில்லிபார்ன். நியூட்ரானோடு அதில் மூன்றில் ஒரு பங்கு. சராசரியாக 130 மில்லிபார்ன் என்று கொள்வோம், அதாவது 13 சதுர ஃபெர்மி. அணுக்கருவின் அடர்த்தி ஒரு கன ஃபெர்மிக்கு 0.16 நியூக்ளியான். இரண்டையும் பெருக்கித் தலைகீழாக்கினால் சராசரி மோதலிடைத் தூரம் அரை ஃபெர்மிதான் வருகிறது. உள்ளே இருக்கும் மற்ற விளைவுகள் இதைச் சற்றுக் கூட்டும். ஆனாலும் 7 ஃபெர்மி ஆரமுள்ள ஈயத்தின் நடுவில் பிறந்த பையான் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் சிக்கிய ஆள்தான். ஆற்றல் 50 எம்இவிக்குக் கீழே இறங்கினால் டெல்டாவின் பிடி தளர்ந்து, தூரம் பல ஃபெர்மிகளாக நீளும். எனவே வெளியே வரும் பையான்களின் ஆற்றல் பரவலில், டெல்டாவுக்கு உரிய நடுப்பகுதி கரையான் அரித்ததுபோல் குறைந்திருக்கும்.

மோதல் என்றால் எல்லாம் விழுங்கல் அல்ல. சில மோதல்களில் பையான் திசை மாறுகிறது. சிலவற்றில் ஆள் மாறுகிறது: நேர்மின் பையான் நியூட்ரானைச் சந்தித்துச் சுமையற்ற பையானாக வெளியேறும், நியூட்ரான் புரோட்டானாகிவிடும். நேர்மின் பையான்களை மட்டும் எண்ணிவிட்டு, குறைந்ததெல்லாம் உறிஞ்சப்பட்டது என்று எழுதினால் கணக்கு தப்பு.

ஒரு நியூக்ளியான் தனியாகப் பையானை விழுங்க முடியாதா?

கிட்டத்தட்ட முடியாது. நானே மாணவனாக இருந்தபோது நெடுநாள் புரியாமல் இருந்த இடம் இது. விடை சிறிய கணக்குதான்.

நின்றுபோன பையானை ஒரு நியூக்ளியான் விழுங்குவதாக வைத்துக்கொள்வோம். பையானின் நிறையாக இருந்த 140 எம்இவி முழுவதும் அந்த நியூக்ளியானின் இயக்க ஆற்றலாக வேண்டும். அவ்வளவு இயக்க ஆற்றலுள்ள நியூக்ளியானின் உந்தம் 530 எம்இவி/சி (சி என்பது ஒளியின் வேகம்). நின்றுபோன பையானிடம் உந்தமே இல்லை. அப்படியானால் அந்த 530ஐயும் நியூக்ளியான் முன்பே கையில் வைத்திருந்திருக்க வேண்டும். அணுக்கருவுக்குள் நியூக்ளியான்களின் உந்தம் வழக்கமாக 260ஐத் தாண்டுவதில்லை. இருமடங்கு உந்தமுள்ள நியூக்ளியானைத் தேடுவது வீண் வேலை.

இரண்டு நியூக்ளியான்கள் சேர்ந்துகொண்டால் சிக்கல் தீர்ந்தது. ஆளுக்கு 70 எம்இவி எடுத்துக்கொண்டு, ஒன்று வடக்கே என்றால் மற்றொன்று தெற்கே என்று எதிரெதிராகப் பறக்கும். இரண்டின் உந்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டும். முதலில் ஒரு நியூக்ளியான் பையானை வாங்கி டெல்டாவாகிறது. அது உடைவதற்குள் பக்கத்து நியூக்ளியானோடு மோதி, இரண்டும் சாதாரண நியூக்ளியான்களாகிவிடுகின்றன. பையான் போயே போய்விட்டது. எல்லா இணைகளும் இதற்குச் சமமாக ஒத்துழைப்பதில்லை. டியூட்ரானைப் போல் ஒட்டிய புரோட்டான்–நியூட்ரான் இணை, ஒரேவகை நியூக்ளியான் இணையைவிடப் பல மடங்கு அதிகமாக விழுங்கும்.

இரண்டோடு நிற்பதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் இலக்கை ஏறத்தாழ முழுவதுமாகச் சூழ்ந்த லாட்ஸ் என்ற உணர்கருவியை 1990களில் நிறுவி, வெளிவரும் நியூக்ளியான்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கணிசமான உறிஞ்சல்களில் மூன்று நியூக்ளியான்கள் ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அதில் எவ்வளவு உண்மையான மூவர் கூட்டு, எவ்வளவு இருவர் வேலை முடிந்தபின் வழியில் மூன்றாமவரை இடித்தது என்பது எளிதில் பிரியாத கேள்வி.

உற்பத்தியும் உறிஞ்சலும் ஒன்றின் தலைகீழ் மற்றொன்றா?

அடிப்படையில் ஆம். அதற்கு மிக அழகான சான்றும் உண்டு. இரு புரோட்டான்கள் மோதி டியூட்ரானும் நேர்மின் பையானுமாவது ஒரு வினை. பையான் டியூட்ரானில் விழுந்து இரு புரோட்டான்கள் வெளிவருவது அதன் தலைகீழ். இயற்கை இரண்டு திசையிலும் ஒரே விதியைப் பின்பற்றுவதால், இவ்விரு வினைகளின் பரப்புகளுக்கும் உள்ள விகிதத்தை வெறும் உந்தங்களும் துகள்களின் தற்சுழற்சியும் மட்டுமே தீர்மானிக்கும். 1951இல் வெவ்வேறு ஆய்வகங்களில் இரு திசைகளையும் அளந்து ஒப்பிட்டார்கள். பையானின் தற்சுழற்சி சுழியம் என்ற முடிவு அதிலிருந்து வந்தது.

பெரிய அணுக்கருவில் இந்தத் துல்லியம் கிடைக்காது. பிறப்பும் இறப்பும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில், பல படிகளில் பின்னிப் பிணைந்திருக்கும்.

உறிஞ்சல் நடக்கிறது என்று முதலில் எப்படித் தெரிந்தது?

உறிஞ்சல் நடக்காததால்! 1930களின் இறுதியில் காஸ்மிக் கதிர்களில் யுக்காவா சொன்ன நிறைக்கு அருகில் ஒரு துகள் கிடைத்தது. எல்லோரும் அதுதான் இது என்று நம்பினார்கள். யுக்காவாவின் துகள் அணுக்கரு விசையின் தூதன். அப்படியானால் எதிர்மின் துகள் பொருளுக்குள் நின்றதும் அணுக்கரு அதை நொடிப்பொழுதில் விழுங்க வேண்டும். ரோமில் கான்வெர்சி, பஞ்சினி, பிச்சோனி மூவரும் போர்க்கால நெருக்கடியிலேயே தொடங்கிய ஆய்வில், கார்பனில் நின்ற எதிர்மின் துகள்கள் விழுங்கப்படாமல் சாவகாசமாகச் சிதைவதைக் கண்டார்கள். 1947இல் முடிவு வெளியானது. அது மியூவான், எலக்ட்ரானின் கனத்த உறவினன், வேறு ஆள்.

அதே ஆண்டு பிரிஸ்டலில் லாட்டஸ், ஒக்கியாலினி, பவல் குழு, உயர்ந்த மலைகளில் வைத்த புகைப்படத் தகடுகளில் உண்மையான பையானைப் பிடித்தது. எதிர்மின் பையான் அணுக்கருவில் விழுந்து, அது வெடித்து நட்சத்திரம் போலச் சிதறிய தடத்தை லண்டனில் பெர்கின்ஸ் தன் தகட்டில் கண்டார். இவர்களுக்கு முன்பே 1940களின் தொடக்கத்தில், கொல்கத்தாவின் டி. எம். போஸும் பிபா சௌதுரியும் டார்ஜிலிங் மலைகளில் தகடுகளை வைத்து, எலக்ட்ரானைப்போல் 200 மடங்கு நிறையுள்ள துகள்களின் தடங்களை வெளியிட்டிருந்தார்கள். போர்க்காலத்தில் அவர்களுக்கு நல்ல தகடு கிடைக்கவில்லை. பாடநூல்களில் சௌதுரியின் பெயர் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும் என்பது என் மனக்குறை.

வெளியே எண்ணியதிலிருந்து உள்ளே நடந்ததை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அணுக்கருவை மாற்றி மாற்றி வைத்து. கார்பன், செம்பு, வெள்ளி, தங்கம், ஈயம் என்று ஒரே கற்றையை வெவ்வேறு இலக்குகளில் விட்டு, மீசான் எண்ணிக்கை நிறை எண்ணோடு எப்படி வளர்கிறது என்று பார்ப்பார்கள். நிறை எண்ணின் எத்தனையாவது அடுக்காக வளர்கிறது என்பதே கேள்வி. அந்த அடுக்கைத் துறையில் ஆல்ஃபா என்பார்கள்.

கார்பனிலிருந்து ஈயத்துக்குப் போனால் நியூக்ளியான்கள் 17 மடங்காகின்றன. ஒவ்வொரு நியூக்ளியானும் தன் பங்கு மீசானைப் பிசகின்றி வெளியே அனுப்பினால் ஆல்ஃபா 1, மீசான்களும் 17 மடங்கு. மேற்பரப்பிலிருந்து மட்டும் வெளிவந்தால் ஆல்ஃபா 2/3, பெருக்கம் 6.7 மடங்குதான். விளிம்பு மட்டும் பங்களித்தால் 1/3, வெறும் 2.6 மடங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். ஆல்ஃபா 2/3 வந்துவிட்டது, எனவே மீசான் பலமாக உறிஞ்சப்படுகிறது என்று எழுதிவிட முடியாது. வரும் புரோட்டானும் அணுக்கருவின் முன்பக்கத்திலேயே மோதி ஆற்றலை இழக்கிறது, பின்பக்கத்து நியூக்ளியான்கள் அதன் நிழலில் இருக்கின்றன. புரோட்டான் அணுக்கருவோடு வினைபுரியும் பரப்பே ஏறத்தாழ 0.7 அடுக்காகத்தான் வளர்கிறது. அந்த நிழலைக் கழித்த பிறகு மிஞ்சுவதே மீசானின் சொந்த இழப்பு. அதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: முதலில் பிறந்த பையானோ டெல்டாவோ உள்ளேயே இன்னொரு நியூக்ளியானை இடித்து நாம் எண்ணும் மீசானைப் புதிதாக உண்டாக்கலாம். களவு போனதை அடுத்த வயல் நெல் ஈடுகட்டியதுபோல் ஆகிவிடும்.

எல்லா மீசான்களும் ஒரே மாதிரி விழுங்கப்படுமா?

இல்லை. கேயான்களின் (விந்தைக் குவார்க்கோ அதன் எதிர்குவார்க்கோ உள்ள, பையானைவிடக் கனமான மீசான்கள்) கதை மிகத் தெளிவானது. நேர்மின் கேயானுக்குள் விந்தை எதிர்குவார்க் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளக்கூடிய சாதாரண நியூக்ளியான் வினை எதுவும் குறைந்த ஆற்றலில் கிடையாது. எனவே அது இடிபடும், திசை மாறும், ஆனால் விழுங்கப்படாது. உள்ளே என்ன நடந்தது என்பதற்கு நம்பகமான சாட்சி. எதிர்மின் கேயான் அப்படியல்ல. நியூக்ளியானைக் கண்டதும் லாம்டா அல்லது சிக்மா என்ற கனத்த துகளும் பையானுமாக மாறிவிடும். ஒரே குடும்பத்து இருவரில் ஒருவர் தப்புவார், மற்றவர் மாட்டுவார்.

விந்தைக் குவார்க்கும் அதன் எதிர்குவார்க்கும் சேர்ந்த ஃபை மீசான் இன்னும் சுவையானது. அதன் இயல்பான அகலம் (நிறை எவ்வளவு பரவித் தெரிகிறது என்ற அளவு; ஆயுள் குறையக் குறைய அகலம் கூடும்) 4.3 எம்இவி, அதாவது சிதைவதற்குள் 46 ஃபெர்மி போகக்கூடிய ஆயுள். சாதாரண நியூக்ளியானோடு அவ்வளவாக ஒட்டாத துகள் என்பதே எதிர்பார்ப்பு. ஜெர்மனியின் யூலிஷ் நகரிலுள்ள கோசி முடுக்கியில் ஆங்க்கே கருவியைக் கொண்டு 2.83 ஜிஇவி புரோட்டான்களைக் கார்பன், செம்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றில் மோதவிட்டார்கள். கனமான இலக்குகளில் ஃபை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. 2011இல் வெளியான பகுப்பாய்வில், அணுக்கருவுக்குள் அகலம் 33 முதல் 50 எம்இவி வரை விரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. விடை ஒற்றை எண்ணாக இல்லாமல் இப்படி வீச்சாக இருப்பதற்குக் காரணம் முந்தைய பதிலில் சொன்ன பொறிதான். இரண்டாம் கட்ட உற்பத்தியை ஒவ்வொரு கோட்பாடும் ஒவ்வொரு விதமாகக் கணக்கில் எடுக்கிறது.

உள்ளே மீசானின் நிறையும் மாறுமா?

மாறுகிறது என்றது ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தின் இ325 ஆய்வு. 12 ஜிஇவி புரோட்டான்களைக் கார்பனிலும் செம்பிலும் விட்டு, ஃபை மீசான் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகச் சிதைவதை அளந்தார்கள். எலக்ட்ரானுக்கு அணுக்கரு விசை தெரியாது என்பதால், உள்ளே பிறந்த செய்தியை அது கசங்காமல் கொண்டுவரும். செம்பில் மெதுவாக நகர்ந்த ஃபைகளில் மட்டும் நிறை இறங்கிய பக்கத்தில் ஒரு தோள் போன்ற புடைப்பு தெரிந்தது. அதிலிருந்து இயல்பான அடர்த்தியில் நிறை 3.4 சதவீதம் குறைவதாக 2007இல் வெளியிட்டார்கள். வேகமாகப் போனவை வெளியே வந்துதான் சிதைந்தன, அவற்றில் மாற்றமில்லை.

என் கருத்தில் இந்தத் துறையின் மிக நேர்த்தியான தர்க்கம் இதுதான், ஆனால் மிகச் சில நிகழ்வுகளின் மேல் நிற்கிறது. இதையே இன்னும் அதிக எண்ணிக்கையில் பார்ப்பதற்காகத்தான் தோக்காய் கிராமத்தின் ஜே–பார்க் வளாகத்தில் 30 ஜிஇவி கற்றையோடு இ16 ஆய்வை அமைத்தார்கள்.

ஆற்றலை நூற்றுக்கணக்கான ஜிஇவிக்கு ஏற்றினால் மீசான்கள் உள்ளே பெருகிப் பெருகி அருவியாகக் கொட்டுமா?

அப்படித்தான் முதலில் நினைத்தார்கள். ஒரு மோதலில் பத்து மீசான் பிறந்தால், ஒவ்வொன்றும் அடுத்த நியூக்ளியானை இடித்துப் பத்துப் பத்தாகப் பெருக வேண்டுமே? 1970களில் ஃபெர்மி ஆய்வகத்தில் புஸாவின் குழு 50 முதல் 200 ஜிஇவி வரையிலான கற்றைகளை வெவ்வேறு அணுக்கருக்களில் விட்டு எண்ணியது. அருவி இல்லை. ஈயத்தில் புரோட்டான் சராசரியாக நான்கு நியூக்ளியான்களுக்குச் சற்றுக் குறைவாகச் சந்திக்கிறது. மீசான்கள் நான்கு மடங்குகூட ஆகவில்லை, ஏறத்தாழ இரண்டரை மடங்குதான்.

விளக்கம் இது: மீசான் மோதிய கணமே முழு உருவத்தில் பிறந்துவிடுவதில்லை. அது உருவாக அதன் சொந்தக் கடிகாரத்தில் ஒளி ஒரு ஃபெர்மி போகும் நேரம் வேண்டும். 10 ஜிஇவி பையானுக்குச் சார்பியல் கால நீட்சி 70 மடங்கு. நம் பார்வையில் அது 70 ஃபெர்மி தாண்டித்தான் பையானாகிறது. ஈயத்தின் விட்டமே 14 ஃபெர்மிதான். வேகமான மீசான்கள் அணுக்கருவுக்கு வெளியே போய்ப் பிறக்கின்றன. பிறக்காததை யார் விழுங்குவது? ஆகவே ஒரு ஜிஇவியில் பிறப்பு, இறப்பு என்று நாம் பேசிய மொழி, நூறு ஜிஇவியில் மெதுவான மீசான்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஜே/சை 'உறிஞ்சல்' என்று படிக்கிறோமே, அது என்ன?

ஜே/சை என்பது கவர்ச்சிக் குவார்க்கும் அதன் எதிர்குவார்க்கும் சேர்ந்த கனமான மீசான். 1986இல் மட்சுயியும் சாட்ஸும், குவார்க்–குளுவான் குழம்பு (புரோட்டான், நியூட்ரான்கள் உருகி, குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் கட்டற்றுத் திரியும் நிலை) உண்டானால் அதில் ஜே/சை கரைந்து குறையும் என்று சொன்னார்கள். இரு கனமான அணுக்கருக்கள் மோதும்போது குறைவைப் பார்த்தால் குழம்பு உண்டானதாகக் கொள்ளலாம். ஆனால் சாதாரண அணுக்கருவே எவ்வளவு குறைக்கும் என்று தெரியாமல் அப்படிக் கொள்ள முடியாது. அந்த அடிக்கணக்கைத் தந்தது புரோட்டான்–அணுக்கரு மோதல்.

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் என்ஏ50 குழு 400 ஜிஇவி புரோட்டான்களைக் கொண்டு அளந்ததில் உறிஞ்சல் பரப்பு 4.2 மில்லிபார்ன். பையானின் 130ஐ நினைத்துப் பாருங்கள். மோதலிடைத் தூரம் 15 ஃபெர்மி. அப்படியிருந்தும் ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைகிறது. பிறகு என்ஏ60 குழு 158 ஜிஇவியில் அளந்தபோது 7.6 மில்லிபார்ன் வந்தது. ஆற்றலை மாற்றினால் மாறும் எண்ணை 'ஜே/சையின் உறிஞ்சல் பரப்பு' என்று துகளின் சொத்தாக எழுதிவைப்பது சரியா? எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணுக்குள் இன்னும் முழு உருவம் பெறாத குவார்க் இணையின் இழப்பு, அணுக்கருவுக்குள் குளுவான்களின் பரவல் மாறுவது, வரும் புரோட்டான் இழக்கும் ஆற்றல் எல்லாம் ஒன்றாக அடைக்கப்பட்டிருக்கின்றன. தவிர, எண்ணும் ஜே/சைகளில் 30, 40 சதவீதம் அதைவிடக் கனமான உறவினர்கள் சிதைந்து வந்தவை, அவற்றின் இழப்பு வேறு.

ஃபெர்மி ஆய்வகத்தின் இ866 ஆய்வு 800 ஜிஇவியில் ஆல்ஃபாவை அளந்தது. மெதுவான ஜே/சைகளுக்கு 0.95 சுற்றி இருந்த எண், முன்னோக்கி வேகமாகப் போனவற்றுக்குக் கடுமையாகச் சரிந்தது. வெறும் விழுங்கல் கதையால் இந்தச் சரிவை விளக்க முடியாது.

ஆல்ஃபா 1ஐத் தாண்டுமா?

தாண்டும். 1975இல் க்ரோனின் குழு, பக்கவாட்டில் பெரும் உந்தத்தோடு வெளிவரும் துகள்களுக்கு ஆல்ஃபா 1ஐவிட அதிகம் என்று கண்டது. முதன்மை மோதலுக்கு முன் வழியில் கிடைக்கும் சிறு இடிகள் பக்கவாட்டு உந்தத்தைக் கூட்டிவிடுகின்றன.

உறிஞ்சலால் ஏதாவது நன்மை உண்டா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் புரோட்டான்களைத் திரவப் பாதரசத்தில் மோதவிடும் நிலையம் இருக்கிறது. அங்கே பிறக்கும் இருவகைப் பையான்களும் பாதரசத்துக்குள்ளேயே நின்றுபோகின்றன. எதிர்மின் பையானை நேர்மின் அணுக்கரு இழுத்து விழுங்கிவிடுகிறது. நேர்மின் பையானை அணுக்கரு விலக்கித் தள்ளுவதால், அது நிம்மதியாகச் சிதைந்து நியூட்ரினோ தருகிறது. ஒரு வகை அடியோடு கழிந்துவிடுவதால், எந்த நியூட்ரினோ எப்போது எந்த ஆற்றலில் வரும் என்பது துல்லியமாகத் தெரிந்த சுத்தமான கற்றை கிடைக்கிறது. 2017இல் கோஹரன்ட் குழு, நியூட்ரினோ ஒரு முழு அணுக்கருவையும் மெல்லத் தட்டிச் செல்வதை முதன்முதலாகக் கண்டது இங்கேதான். கருவியின் எடை 14.6 கிலோ, கையில் தூக்கிவிடலாம்.

எதிர்மின் பையான் நின்ற இடத்தில் அணுக்கரு வெடிக்கிறதே, அதைக் கட்டிக்குள் வெடிக்கவைத்தால் என்ன என்று லாஸ் அலமோஸ், வான்கூவர், சுவிட்சர்லாந்து மூன்று இடங்களிலும் புற்றுநோய் சிகிச்சையில் முயன்றார்கள். செலவுக்கு ஏற்ற பலன் இல்லை, கைவிட்டார்கள்.

நம் தலைக்கு மேலும் இது நடக்கிறதா?

ஓயாமல். விண்ணிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதிப் பையான்களைப் பிறப்பிக்கின்றன. இங்கே இன்னொரு பந்தயம்: பையான் அடுத்த அணுக்கருவை இடிப்பது முந்துமா, சிதைவது முந்துமா? 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது, அடுத்த மோதலுக்கு 6 கிலோமீட்டர் போக வேண்டும். 10 ஜிஇவி பையான் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதுமே சிதைந்து மியூவானாகிறது. 115 ஜிஇவி அருகில் இரண்டு வாய்ப்பும் சமமாகின்றன. அதற்கு மேல் மோதலே முந்துகிறது. இதே பையான் கிராஃபைட் (பென்சில் கரி) கட்டிக்குள் பிறந்திருந்தால் அரை மீட்டருக்குள் கதை முடிந்திருக்கும்.

அந்த மியூவான்கள் தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்து விழுகின்றன. உதகமண்டலத்தில் 2200 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேப்ஸ்–3 ஆய்வகம், 560 சதுர மீட்டர் பரப்பில் அவற்றைப் பிடித்து எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்துபோனபோது எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாக 2019இல் கணக்கிட்டுச் சொன்னது அந்தக் குழு.

இதையெல்லாம் கணினியில் போட்டுவிட்டால் போதாதா? ஆய்வு எதற்கு?

போடுகிறார்கள். 1947இல் செர்பர் சொன்ன யோசனைதான் இன்றும் அடிப்படை: அணுக்கருவுக்குள் புரோட்டானைத் தனித்தனி மோதல்களின் தொடராக நடத்திச் செல்வது. பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி. ஆனால் இரு நியூக்ளியான்கள் சேர்ந்து பையானை விழுங்குவது தனித்தனி மோதல் அல்ல, அந்த இடத்தில் நிரல் எழுதுபவர் தன் ஊகத்தைத்தான் நுழைக்க வேண்டும். ஜப்பானின் டி2கே நியூட்ரினோ ஆய்வு இந்த ஊகத்தை நம்பாமல், தன் 90 சென்டிமீட்டர் கிராஃபைட் இலக்கிலிருந்து எத்தனை பையான் வருகிறது என்பதைச் செர்னின் என்ஏ61 கருவியில் நேராகவே எண்ணிப் பார்க்கவைத்தது. முதலில் மெல்லிய கார்பன் துண்டில், பிறகு அதே அளவுள்ள இலக்கின் பிரதியை வைத்து.